மன்சிப் புல்வெளியில் ஒரு புது எந்திரம்

ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே, தலைநகராகிய இந்தியானாபொலிசிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் காரிற் சென்றால் மன்சி என்னும் பட்டினத்தை அடையலாம். வழி நெடுகிலும் மலையென்று சொல்லத்தக்க மேடு ஒன்றைத்தானும் காணோம். ஒருபுறம் சோளம்; மறுபுறம் சோயா அவரை; இடையிடையே வெள்ளைச் சாயம் பூசிய மரவீடுகள்; தானியம் சேமிக்கும் உயர்ந்த உருக்குக் குதிர்கள். நிலம் இவ்வாறு ஒரே சீராய்க் கிடக்க, வானமோ கண்ணுக்கெட்டிய தூரம் தடையின்றி விரிந்திருக்கின்றது. பூமியிற் பார்ப்பதற்கு அதிகமில்லாத இடத்தில் மனிதன் தானாகவே அண்ணாந்து பார்க்கத் தொடங்குகின்றான் போலும்.

லெனாப்பே என்னும் ஆதிக்குடியினரின் ஒரு கிளையினரான மன்சி மக்களின் பெயரையே இவ்வூர் தாங்கி நிற்கின்றது. 1880களில் இங்கு நிலத்தடியில் இயற்கை வாயு கிடைத்தது. அவ்வாயுவின் மலிவைக் கண்டு, நியூயோர்க் மாநிலத்துப் பபலோ நகரிலிருந்து பால் சகோதரர்கள் ஐவர் 1887இல் தம் கண்ணாடித் தொழிலை இங்கே கொண்டுவந்தனர். பழங்களையும் காய்கறிகளையும் பதனிட்டு வைக்கும் அவர்களுடைய கண்ணாடிச் சாடி, அமெரிக்க இல்லங்கள் பலவற்றின் அடுக்களையிற் புகுந்தது. அவர்கள் பெயரால் வழங்கும் பல்கலைக்கழகம் ஒன்று இன்றும் ஊரின் நடுநாயகமாய்த் திகழ்கின்றது. வாயு சில பத்தாண்டுகளில் வற்றிப்போயிற்று. அதன்பின் மோட்டார் வண்டிகளுக்கான பற்சில்லுப் பெட்டிகள் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் ஊரை வாழவைத்தன. 1929இல் லிண்ட் தம்பதியர் அமெரிக்க நடுத்தர வாழ்வை ஆராய்ந்து ‘மிடில்டவுன்’ என்னும் பெயரால் வெளியிட்ட புகழ்பெற்ற நூல் இவ்வூரைப் பற்றியதே. அந்தத் தொழிற்சாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பெரியவற்றுள் இறுதியானது 2009இற் கதவடைத்தது.

இத்தகைய ஊருக்கு நாம் சென்றது கண்ணாடிச் சாடிகளைக் காண்பதற்கன்று. மனிதர் ஏறாத விமானங்களைக் காண்பதற்கே சென்றோம்.

ஆயிரம் ஏக்கர் விளையாட்டுத் திடல்

1936ஆம் ஆண்டு தோன்றிய அமெரிக்க மாதிரி விமானக் கழகம், 1990களில் வேர்ஜினியா மாநிலத்தைவிட்டு மன்சிக்குக் குடிபெயர்ந்தது. ஊரின் எல்லையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அது தன் திடலாக்கிக்கொண்டது. புல்வெளிகள், தார் போட்ட ஓடுபாதைகள், நிழற்கொட்டகைகள், கூடாரமடித்துத் தங்கும் இடங்கள் எனப் பரந்து கிடக்கும் அந்நிலத்தைச் சுற்றிவரக் கால்கள் போதா; கார் வேண்டும். பறவைக்கு எத்துணை வெளி வேண்டுமோ அத்துணை வெளி இந்தச் சிறு விமானங்களுக்கும் வேண்டுமென்பதை அங்கே சென்றபின்னரே உணர்ந்தோம்.

திடலின் ஓரத்தில் தேசிய மாதிரி விமான நூதனசாலை இருக்கின்றது. இத்துறையின் வரலாறு சிறுவர் விளையாட்டின் வரலாறன்று என்பதை அங்கே அறிந்துகொள்ளலாம். 1871இற் பிரான்சியரான அல்போன்ஸ் பெனோ, முறுக்கிய இறப்பர் நாடாவின் விசையால் இயங்கும் சிறு விமானமொன்றைப் பாரிஸ் பூங்காவிற் பதினொரு விநாடி பறக்கவிட்டார். அவர் வகுத்த முறையில் அமைந்த பறக்கும் பொம்மை ஒன்றை 1878இல் ஒரு தந்தை தம் மைந்தருக்குப் பரிசாக வாங்கிவந்தார். அம்மைந்தர்களே வில்பர், ஓர்வில் என்னும் ரைட் சகோதரர். மூத்தவராகிய வில்பர் பிறந்த மில்வில் என்னும் சிற்றூர், மன்சிக்குத் தெற்கே அடுத்த மாவட்டத்தில் இருக்கின்றது என்பது பலரறியாத செய்தி.

பெற்றோலால் இயங்கும் சிற்றெந்திரங்கள் 1930களில் மாதிரி விமானங்களுக்குள் நுழைந்தன. பிலடெல்பியாவைச் சேர்ந்த பில் பிரவுன் என்னும் இளைஞர் செய்த எந்திரமே அவற்றுக்கு வழிகாட்டியாய் அமைந்தது. 1937இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் வால்ட்டர், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர், எட்டடிச் சிறகுடைய ‘கஃப்’ என்னும் விமானத்தை வானொலி அலைகளால் தரையிலிருந்தே செலுத்திக் காட்டினர். அந்த விமானம் 1960இல் வாஷிங்டனிலுள்ள சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது.

1947இல் மிளிர்பிளக் என்னும் சிறு பொருள் சந்தைக்கு வந்ததும் பெற்றோலின் ஆட்சி சாய்ந்தது. பொறிச்சுருளும் மின்கலமும் சுமக்கவேண்டிய தேவை நீங்கவே, மெதனோலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருள் மாதிரி விமான உலகைப் பிடித்துக்கொண்டது. நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த அதே ஆமணக்கெண்ணெய்தான்! ஆனால் 1970களிலும் 80களிலும் விமானங்கள் மீண்டும் பெருத்தபோது, மரம் அறுக்கும் வாளின் பெற்றோல் எந்திரத்தைக் கழற்றி விமானத்திற் பூட்டிப் பார்த்தனர் சிலர். மலிவான எரிபொருள், நீண்ட ஆயுள், பெருவலு ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்தன. வீழ்ந்த அரசன் மீண்டான்.

மாதிரி எந்திரத்தால் என்ன செய்ய முடியும் என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் நாள், மேனாட் ஹில் என்னும் முதியவர் ஐந்து கிலோவுக்குட்பட்ட ஒரு மாதிரி விமானத்தைக் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் நின்று கையாலே வீசிவிட்டார். 38 மணி 52 நிமிடம் கழித்து அது அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அயர்லாந்தின் கிளிப்டன் ஊருக்கருகே இறங்கிற்று. பத்துக் கன சென்ரிமீற்றர் எந்திரம் ஒன்று, ஒரு கலனுக்குட்பட்ட எரிபொருளோடு, ஏறத்தாழ 1,880 மைல் ஓய்வின்றி ஓடியது. ஏறத்தாழப் பார்வை இழந்திருந்த ஒருவரின் சாதனை இது.

தாத்தாவும் பேர்த்தியும்

நாம் சென்றது 2023ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு வேலைநாட் காலை. போட்டிகள் எவையும் இல்லாமையால் திடலில் நாலைந்து பேரே இருந்தனர். நிழற்கொட்டகையின் கீழே, சிவப்பும் வெள்ளையுமான ஒரு விமானம் எம் கண்ணைக் கவர்ந்தது. ஜேர்மனியரான வால்ட்டர் எக்ஸ்ட்ரா வடிவமைத்த ‘எக்ஸ்ட்ரா 300’ என்னும் வித்தை விமானத்தின் மாதிரி அது. சிறகின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 104 அங்குலம். நிறை 26 இறாத்தல். ஈக்குவடோரிலிருந்து வரும் பால்சா என்னும் இலேசான மரத்தாலும் மெல்லிய ஒட்டுப்பலகையாலும் உடல் அமைந்திருந்தது. அமெரிக்கச் சட்டப்படி 55 இறாத்தலுக்குட்பட்டவையே சாதாரண மாதிரி விமானங்கள் எனப்படும். ஆகவே இது இடைத்தரமே. ஆயினும் பக்கத்தில் நின்று பார்ப்பவர்க்கு இதனைப் ‘பொம்மை’ என்று சொல்ல நா எழாது.

அதனருகே ஒரு முதியவரும், பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்கும் அவருடைய பேர்த்தியும் நின்றனர். முதியவர் இவ்வூர்ப் பற்சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பதாண்டுக்கு மேல் உழைத்தவர். ஆலை மூடியபோது ஓய்வு அவரைத் தேடிவந்தது. பேர்த்தி இரண்டு மாரிகாலங்களை இவ்விமானத்துக்குச் செலவிட்டிருந்தாள். விடுமுறை நாட்களில் உணவகத்தில் வேலைசெய்து சேர்த்த பணம் முழுவதும் அதன் மூக்கிலிருந்த புது எந்திரமாக மாறியிருந்தது. இலையுதிர்காலத்தில் நடைபெறும் வித்தைப் போட்டியொன்றில் முதன்முறையாகக் கலந்துகொள்ள வேண்டுமென்பது அவள் எண்ணம். எந்திரம் பழுதானால் அந்த ஆண்டு போட்டி இல்லை. வேறொன்று வாங்கப் பணமும் இல்லை.

“இன்றைக்குத்தான் எந்திரத்தைப் பழக்கத் தொடங்குகிறோம். பொழுதிருந்தால் இருந்து பாருங்கள்,” என்று முதியவர் ஒரு மடக்குக் கதிரையை விரித்து எமக்கு அளித்தார்.

எந்திரத்தைப் பழக்குவது என்றால் என்ன?

புதுத் தோசைக்கல்லில் முதல்நாளே முறுகலாகத் தோசை வார்க்க முடியாதென்பதை நம் இல்லத்தரசியர் அறிவர். எண்ணெய் தடவி, மெல்லிய சூட்டில் வைத்து, இரண்டொரு தோசைகள் ஒட்டிக்கொண்டு போனபின்னரே கல் வழிக்கு வரும். புது எந்திரமும் அப்படியே. 1950களிலும் 60களிலும் இலங்கை வீதிகளில் ஓடிய பிரித்தானியக் கார்களுக்கும் இந்த நோன்பு விதிக்கப்பட்டிருந்தது. முதல் ஐந்நூறு மைல்வரை குறித்த வேகத்தைத் தாண்டலாகாதென்று அவற்றின் கைநூல்கள் எச்சரித்தன.

காரணம் இது: எந்திரத்தின் சிலிண்டருக்குள்ளே பிஸ்டன் ஏறி இறங்குகின்றது. பிஸ்டனைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று உண்டு. எரிந்த வாயு கீழே கசியாமல் தடுப்பது அவ்வளையமே. சிலிண்டரின் உட்சுவர் கண்ணுக்குக் கண்ணாடிபோலத் தோன்றினும், உருப்பெருக்கியில் நோக்கினால் உழுத வயல்போல வரப்பும் பள்ளமுமாக இருக்கும். வளையமும் அவ்வாறே. இரண்டும் தொடக்கத்தில் அங்கங்கே மேடுகளில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. ஓடஓட மேடுகள் தேய்ந்து, வளையம் சுவரோடு முற்றும் பொருந்துகின்றது. இந்தத் தேய்வு மெல்ல நிகழ்ந்தால் எந்திரம் நெடுங்காலம் வாழும். அவசரப்பட்டுச் சூடேற்றினால், மேடுகள் தேய்வதற்குப் பதிலாக ஒன்றையொன்று கௌவிக் கிழிக்கும். சிலிண்டரில் நெடுங்கோடுகள் விழும். அதன்பின் அந்த எந்திரத்துக்குப் பழைய வலு திரும்பாது.

“தொழிற்சாலையிலே இரண்டு பற்சில்லுகளை ஜோடி சேர்த்து, இடையிலே அராவும் பசையைத் தடவிச் சுழலவிடுவோம். முதலிற் கரகரவென்று சத்தமிடும். பிறகு சத்தம் தணியும். அந்தச் சத்தத்தைக் கேட்டே என் வயது போயிற்று,” என்றார் முதியவர். “சுழலவிட்ட பிறகு அந்த ஜோடியைப் பிரிக்கக்கூடாது. ஒன்றுக்கொன்று பழகிவிடும்.”

அவர்களுடைய எந்திரம் இரு சிலிண்டர்கள் இடமும் வலமுமாக எதிரெதிரே நீட்டிக்கொண்டிருக்கும் வகையைச் சேர்ந்தது. மொத்தக் கொள்ளளவு நூறு கன சென்ரிமீற்றர். ஏறத்தாழ ஒன்பது குதிரை வலுவைத் தரும். காரில் இருப்பதுபோன்ற எண்ணெய்த்தொட்டி இந்த ஈரடி எந்திரத்துக்குக் கிடையாது. பெற்றோலோடு கலந்துவரும் எண்ணெயே உள்ளுறுப்புக்களை நனைக்கின்றது. ஆகையால் கலவையின் அளவே இதன் உயிர். பேர்த்தி ஓர் அமெரிக்கக் கலன் பெற்றோலில் நான்கு அவுன்ஸ் எண்ணெயை அளந்து ஊற்றினாள். முப்பத்திரண்டு பங்குக்கு ஒரு பங்கு. அதுவும் செயற்கை எண்ணெயன்று, கனிய எண்ணெய்.

“விலையுயர்ந்த செயற்கை எண்ணெய் நல்லதில்லையா?” என்று கேட்டோம்.

“நல்லதுதான், பிறகு ஊற்றுவேன்,” என்றாள் அவள். “அது மிக வழுக்கும். உராய்வு அறவே இல்லாவிட்டால் வளையம் சுவரோடு இணங்க வழியில்லை. இதைப்பற்றி இங்கே நாள்முழுதும் வாதாடுகிறவர்கள் உண்டு. நான் எந்திரம் செய்தவர்களின் கைநூல் சொல்வதைச் செய்கிறேன்.”

காபரேட்டரில் இரண்டு ஊசித்திருகுகள் உண்டு. ஒன்று தாழ்ந்த வேகத்துக்கு. மற்றது உயர்ந்த வேகத்துக்கு. இவற்றைத் திறந்தால் எரிபொருள் மிகும், மூடினால் குறையும். எரிபொருள் மிகுந்தால் புகை வரும், வலு சற்றுக் குறையும்; ஆனால் உள்ளே குளிர்ச்சியும் எண்ணெயும் மிகும். எரிபொருள் குறைந்தால் சிறிது நேரம் எந்திரம் பாடும். பின்னர் சூடேறி நின்றுவிடும். ஆகவே பழக்கும் காலத்தில் ஊசிகள் சற்றுத் திறந்தே இருக்கவேண்டும். இந்தக் காபரேட்டரும் மரவாளிலிருந்து வந்ததே. மரத்தை எந்தக் கோணத்தில் அறுத்தாலும் வாள் நிற்கலாகாதென்று, மெல்லிய சவ்வொன்றின் துடிப்பால் எரிபொருளை இழுக்கும்படி அதனை அமைத்தனர். தலைகீழாகப் பறக்கும் விமானத்துக்கு அது வரமாய் வாய்த்தது.

முதற் சத்தம்

விமானத்தின் வாலை நிலத்தில் அறைந்த முளையோடு கட்டினர். சில்லுகளுக்கு முன்னே கட்டைகள் வைத்தனர். 27 அங்குல முன்விசிறிக்கு நேரேயும் பக்கவாட்டிலும் எவரும் நில்லாதபடி முதியவர் எம்மைப் பின்னால் நகர்த்தினார். “சுழலும்போது அது கண்ணுக்குத் தெரியாது, கையை எடுத்துவிடும்,” என்றார். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

பேர்த்தி தடித்த தோற்கையுறை அணிந்தாள். சோக்கை மூடிப் பொறிமின்னைத் திறந்து, விசிறியின் அலகைக் கீழ்நோக்கித் தட்டினாள். நாலாம் முறை ‘டப்’ என்று ஒரு வெடிப்பு. உடனே சோக்கைத் திறந்தாள். மேலும் மூன்று தட்டு. எந்திரம் விழித்துக்கொண்டது. நீலப்புகை புல்லின்மேற் படர்ந்தது.

முதல் ஓட்டம் பத்து நிமிடமே. தாழ்ந்த வேகத்தில் வெகுநேரம் வைக்கவில்லை, உச்சவேகத்திலும் நிறுத்தவில்லை. ஏற்றுவதும் இறக்குவதுமாக விட்டுப் பிறகு நிறுத்தினர். கையை வைத்துத் தாங்கக்கூடிய அளவுக்கு ஆறியபின், முன்விசிறியைப் பிடித்திருக்கும் திருகாணிகளை முதியவர் மறுபடி இறுக்கினார். மரத்தால் ஆன விசிறி எந்திரத்தின் அதிர்வில் அமுங்கிக் கொடுக்குமாம்; இறுக்கிய திருகாணி தளராமலே தளர்ந்துவிடுமாம்.

“இன்னும் ஒருமணி நேரம் தரையிலேயே ஓடவிட்டால் என்ன?” என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார்.

“சிறு மெதனோல் எந்திரங்களைப் பலகையிற் பூட்டி அப்படிச் செய்வோம். இதற்கு ஆகாது,” என்றார் முதியவர். “தரையில் நிற்கும்போது காற்று வீசாது, சூடு போக வழியில்லை. வளையத்தைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அமுக்கம். அந்த அமுக்கம் வேண்டுமென்றால் எந்திரம் வேலைசெய்ய வேண்டும். வேலையும் வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும். இரண்டும் கிடைக்கும் இடம் மேலேதான்.”

எந்திரம் ஓடும்போதே வானொலித் தொடர்பு எவ்வளவு தூரம் எட்டுகின்றதெனவும் சோதித்தனர். பொறிமின் எழுப்பும் இரைச்சல், விமானத்துக்குச் செல்லும் கட்டளையைக் குழப்பாதிருக்க வேண்டுமல்லவா? முன்னாளில் ஒரே அலைவரிசையில் இருவர் ஒருங்கே இயக்கிவிட்டால் விமானம் விழுந்து நொருங்கும். அதனால் பலகையில் அலைவரிசை எண்ணிட்ட உடைக்கவ்விகளை மாட்டிவைத்து, கவ்வி கையிலுள்ளவர் மட்டுமே பறக்கவிடுவர். இப்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் அலைவரிசையைத் தாமே மாற்றிக்கொள்வதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது.

மூன்றாம் பறப்பு

முதல் இரண்டு பறப்பும் அமைதியாக முடிந்தன. வட்டமும் நீள்வட்டமுமாக, மெல்ல ஏறி மெல்ல இறங்கி, பத்துப் பத்து நிமிடம். ஏறும்போது வேலை, இறங்கும்போது விசையைக் குறைக்க, காற்றின் குளிர்ச்சியும் எண்ணெயும் உட்புகும். இது மூச்சுப் பயிற்சிபோல இருந்தது.

மூன்றாம் பறப்பின்போது வெயில் ஏறிவிட்டது. சிறிது உயரமான ஏற்றம் ஒன்று. விமானம் செங்குத்தாய் எழுந்து ஒரு புள்ளியளவு சிறுத்தது. திடீரென்று சத்தம் தேய்ந்தது. அடுத்த கணம் வானம் ஊமையாயிற்று.

“எந்திரம் நின்றது!” என்று பேர்த்தி உரக்கக் கூவினாள். அது அச்சத்தின் குரலன்று, திடலின் விதி. அக்குரல் கேட்டால் மற்றவர் ஓடுபாதையைவிட்டு விலகவேண்டும்.

முதியவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் கைகள் மட்டும் நிழற்கொட்டகையின் தூணை இறுகப் பற்றியிருந்தன. அவள் விமானத்தின் மூக்கைக் கீழே சாய்த்தாள். வேகம் இழந்த விமானம் விழும்; ஆகவே உயரத்தை விற்று வேகத்தை வாங்கவேண்டும். ஓடுபாதைவரை இழுத்துக்கொண்டு வர முயன்றால் நடுவழியிற் சரிந்துவிடும் என்பதைக் கண்டு, பாதைக்கு இப்பாலுள்ள புல்லையே தேர்ந்துகொண்டாள். காற்றைக் கிழிக்கும் ஓசை மட்டும் கேட்டது. ஒரு பெருந்திருப்பம், பின் நேர்கோடு, கடைசிக் கணத்தில் மூக்கு நிமிர்ந்தது. விமானம் புல்லிற் பட்டு இருமுறை துள்ளி நின்றது.

அப்போதுதான் அவள் விரல்கள் நடுங்கத் தொடங்கின.

அழிவில்லை, ஆனால் உள்ளே என்ன நேர்ந்ததோ? கால்மணி நேரம் ஒருவரும் எந்திரத்தைத் தொடவில்லை. ஆறியபின் முதியவர் விசிறியைக் கையால் மெல்லச் சுழற்றினார். இரு சிலிண்டர்களும் அமுக்கம் காட்டின. பிளக்குகளைக் கழற்றினார். இடப்புறத்தது இளம் மண்ணிறமாய் இருந்தது. அதுவே ஆரோக்கியத்தின் நிறம். வலப்புறத்தது வெளிறி வெண்மையாய் இருந்தது. அது சூட்டின் அடையாளம். முகமூடியைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. முன்னே நுழையும் காற்றைச் சிலிண்டரின் செதில்களுக்கூடாகச் செலுத்துவதற்கு ஒட்டியிருந்த பால்சாத் தகடு, வலப்புறத்தில் அதிர்வினாற் கழன்றிருந்தது. காற்று எளிய வழியை நாடும். தடுப்பில்லாத இடத்தால் அது நழுவிப்போக, வலச் சிலிண்டர் வெந்துகொண்டிருந்தது.

இனிப் பார்க்கவேண்டியது ஒன்றே. புகைக்குழாயைக் கழற்றினால் அதன் வாயிலூடாகப் பிஸ்டனின் பக்கத்தைக் காணலாம். முதியவர் சிறு மின்சூளைப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நோக்கினார். நாமும் மூச்சடக்கி நின்றோம். பிறகு அவர் மின்சூளைப் பேர்த்தியின் கையிற் கொடுத்தார்.

“நீயே பார், குழந்தாய். கோடு ஏதும் தெரிகிறதா?”

அவள் குனிந்து பார்த்தாள். “இல்லை, தாத்தா. சுத்தமாக இருக்கிறது.”

“எரிபொருள் சற்று மிகுதியாக வைத்தாய். அதுதான் காப்பாற்றிற்று,” என்றார் அவர்.

புதுத் தகடு வெட்டி ஒட்டினர். உயர்வேக ஊசியை எட்டிலொரு சுற்று மேலும் திறந்தனர். மாலைவெயில் தணிந்திருந்தது. “இன்னொரு முறை பார்க்கலாமே?” என்று பக்கத்தில் நின்றவர் மீண்டும் கேட்டார். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் அதே ஆவல். முதியவர் தலையசைத்து மறுத்தார். “பசை இறுகட்டும். நாளைக்கும் வானம் இங்கேதான் இருக்கும்.”

மறுநாள் ஐந்து பறப்புகள். தடை ஒன்றுமில்லை. முன்விசிறிக்கு எதிரே பிடித்து அதன் சுழற்சியை எண்ணும் சிறு கருவி, முதல்நாள் நிமிடத்துக்கு 6,200 எனக் காட்டியது; மறுநாள் மாலை அதே ஊசி நிலையில் 6,400 எனக் காட்டியது. தாழ்ந்த வேகத்தில் தடுமாறிய ஓட்டமும் சீராகியது. வளையம் இணங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் சில கலன் எரிந்தபின்னரே பழக்கம் நிறைவெய்தும் என்றனர். அதன்பின் எண்ணெய் மாறும், கலவை மாறும், வித்தைகள் தொடங்கும்.

அந்த வித்தைகளும் கண்டபடி ஆடுவனவல்ல. ஸ்பெயின் நாட்டவரான ஹோசே லூயி அரெஸ்தி வகுத்த குறியீடுகளால் எழுதிய ஓர் ஒழுங்கின்படி வளையம், உருளல், சுழல், திருப்பம் என ஒவ்வொன்றையும் நிகழ்த்தவேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதன் கடினத்துக்கேற்ற மதிப்பு உண்டு. நடுவர் புள்ளியிட்டு அம்மதிப்பாற் பெருக்குவர். செங்குத்தாய் ஏறும் கோட்டின் உச்சியில் எந்திரம் ஒரு கணம் தயங்கினாலும் ஒழுங்கு கெடும். ஆகவே மேடையிலே தோன்றும் வித்தைக்கு வேர், இந்த ஆரவாரமற்ற இரண்டு நாட்களில் இருக்கின்றது.

விடைபெறுமுன் பேர்த்தியின் குறிப்பேட்டைப் பார்த்தோம். நாள், வெப்பம், ஊசியின் நிலை, எரிந்த அளவு, பிளக்கின் நிறம் ஆகியவை தெளிந்த எழுத்தில் வரிசையாக இருந்தன. மூன்றாம் பறப்பின் எதிரே ‘வலத்தகடு கழன்றது, ஆறவிட்டோம்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அவ்வெழுத்துக்களின் அருகே முதியவரின் கரடுமுரடான கையெழுத்திலும் சில அளவுகள் இருந்தன.

மன்சியில் வாயு வற்றியது. சாடித் தொழில் அகன்றது. பற்சில்லு ஆலைகள் மௌனமாயின. ஆனால் சத்தத்தைக் கேட்டே உலோகத்தின் நலம் அறியும் செவி, ஒரு தலைமுறையிலிருந்து மற்றொன்றுக்கு அந்தப் புல்வெளியிற் கைமாறிக்கொண்டிருந்தது. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னார்கள். கற்கத் தொடங்கும் மாணவர்க்கும், புதிதாய் ஒரு தொழிலில் இறங்குவோர்க்கும் அது பொருந்தும். பழகும் காலத்திற் குறைவாக ஓடுவது வலுவின்மையன்று. நெடுங்காலம் ஓடுவதற்கான ஆயத்தம்.